மலை மேல வெக்கிற ரிப்பீட்டருக்கு எந்த ஆண்டெனா வாங்குறது?

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். ஏற்காட்டுல ஒரு நண்பரோட எஸ்டேட் கட்டடத்துப் பக்கத்துல 12 மீட்டர் மாஸ்ட் (ஆண்டெனா கம்பம்) நிக்குது, சேலம் ஹாம் ரேடியோ கிளப்புக்காக அதுல 2 மீட்டர் பேண்டு ரிப்பீட்டர் (வர்ற சிக்னல வாங்கி அப்பவே மறுபடி அனுப்பற ரேடியோ) ஒண்ணு வெக்கப் போறீங்க, யாகி, ஃபைபர்கிளாஸ் வெள்ளக் குச்சி, நாலு டைபோல் அடுக்கு இந்த மூணுல எதுக்கு கெய்ன் (சிக்னல ஒரு திசைல குவிக்கற திறன்) ஜாஸ்தின்னு கேக்கறீங்க. ஆனா கடைசில போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, "டவுன்ல வீட்டுக்குள்ள இருந்து ஹேண்டில (கைல வெச்சுப் பேசற ரேடியோ) பேசுனா கேக்கணும், ஈரோடு நாமக்கல்ல கார்ல போறவங்களும் வரணும்"னு, அதுதான் நிஜமான கேள்வி. இந்தக் கேள்விக்கு கெய்ன் பதில் இல்ல. ரிப்பீட்டர், டவர், கேபிள்னு இருபது வருஷத்துக்கு மேல ஏறி இறங்கின அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

யாகிய முதல்லயே ஒதுக்கிடலாம். அது ஒரு பக்கம் மட்டும் பாக்கும், நீங்களோ தெக்க நாமக்கல், தென்மேக்க ஈரோடு, வடக்க தர்மபுரின்னு சுத்தி எல்லாரையும் கூப்பிடறீங்க. ரெண்டு ரிப்பீட்டர லிங்க் பண்றதுக்கு யாகி அருமையான சாமான், இங்க வேண்டாம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஏற்காடு கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் டவுன் சுமார் 280, அப்ப உயர வித்தியாசம் 1,200 மீட்டர் சொச்சம். ரோட்டுல போனா கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி முப்பது கிலோமீட்டர் வந்துடும், ஆனா ரேடியோ அலைக்கு நேர்கோட்டுல வெறும் 15 தான். 145 மெகாஹெர்ட்ஸ்ல 15 கிலோமீட்டருக்கு நடுவுல தடையே இல்லன்னா பாதை நஷ்டம் சுமார் 99 டிபி (டெசிபல், 3 டிபின்னா பவர் ரெண்டு மடங்கு, 10 டிபின்னா பத்து மடங்கு வித்தியாசம்). ஹேண்டி 5 வாட், அதாவது 37 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோட ஒப்பிட்ட டிபி). அதோட ரப்பர் ஆண்டெனா டைபோலோட ஒப்பிட்டா அஞ்சு டிபிக்கு மேலயே திங்கும், சரி, அதையும் கழிங்க. நம்ம பக்கம் ஒரு சாதாரண 3 டிபி ஆண்டெனா, கேபிள்லயும் டூப்ளெக்சர்லயும் (அனுப்பறதையும் வாங்கறதையும் பிரிக்கற ஃபில்டர் பெட்டி) ரெண்டு மூணு டிபி போகுதுன்னு வெச்சாலும் ரிசீவர் வாசல்ல மைனஸ் 65 டிபிஎம் பக்கத்துல வந்து நிக்குது. நல்ல ரிசீவர் மைனஸ் 119 வரைக்கும் காது கொடுக்கும். அப்ப கைல மிச்சம் 50 டிபிக்கு மேல! வீட்டுச் சுவரு கான்கிரீட்டு எல்லாம் சேந்து 20, 30 டிபி தின்னாலும் இன்னும் மிச்சம் இருக்கு. ஈரோடு நேர்கோட்டுல 70 கிலோமீட்டர் சொச்சம், அதுக்கு நஷ்டம் இன்னொரு 14 டிபி கூடும், அவ்ளோதான். ரேடியோ தொடுவானமே அந்த உயரத்துக்கு 140 கிலோமீட்டர் பக்கம் வருது. இப்ப சொல்லுங்க, ஆறு டிபியா மூணு டிபியான்னு மண்டைய ஒடச்சுக்கறதுல என்ன இருக்கு?

அப்ப ஏன் மலை மேல இருக்கற எத்தனையோ ரிப்பீட்டர் அடிவாரத்துலயே கேக்காம போகுதுன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு மறைப்பு, ரெண்டாவது ரிப்பீட்டர் தன்னோட காதைத் தானே அடைச்சுக்கறது. பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான், சில எடத்துல ரெண்டும்.

மறைப்ப முதல்ல பாத்துடுவோம். ஏற்காடு ஊசி முனை மாதிரி மலை இல்ல, மேல பரந்து கிடக்கற மேட்டு நிலம், நடுவுல ஏரி, சுத்தி காபித் தோட்டம். உங்க எஸ்டேட் மலை விளிம்புலேர்ந்து ஒரு கிலோமீட்டர் உள்ள தள்ளி இருந்தா, சேலம் நாலரை டிகிரி கீழ இருக்கறதால அந்த விளிம்பே டவுன மறைச்சுடும், 12 மீட்டர் மாஸ்ட் அதை எட்டிப் பாக்காது. ஈரோடு தொடுவானத்துக்குக் கிட்ட, ஒரு டிகிரி சொச்சம்தான் கீழ, அதனால தூரத்து ஊரு கேக்கும் பக்கத்து ஊரு கேக்காதுங்கற விநோதம் எல்லாம் நடக்கும். இதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு, நில வரைபடத்த வெச்சு கவரேஜ் போட்டுக் காட்டும், ஆனா எனக்குப் பிடிச்ச டெஸ்ட் வேற. மேகம் இல்லாத ராத்திரில மாஸ்ட் அடில நின்னு சேலத்து விளக்கு தெரியுதான்னு பாருங்க. ஏற்காட்டு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னா ஊரே ஜெகஜோதியா தெரியுமே, அந்தக் காட்சில பாதியாவது உங்க மாஸ்ட்லேர்ந்து தெரியணும். மரம் மறைச்சா பரவால்ல, 2 மீட்டருக்கு சில்வர் ஓக் பெரிய எதிரி இல்ல. பாறையும் மேடும் மறைச்சா 20, 30 டிபி சர்வசாதாரணமா போயிடும், அதை எந்த ஆண்டெனாவாலயும் வாங்கித் தர முடியாது.

இங்க ஒரு விஷயத்த நேர் பண்ணணும், ஏன்னா எல்லாரும் சொல்றாங்க: "கெய்ன் ஜாஸ்தியான ஆண்டெனாவ மலை மேல வெச்சா சிக்னல் தலைக்கு மேல போயிடும்"னு. பாதி உண்மை. 6 டிபிடி (டைபோலோட ஒப்பிட்ட டிபி) ஆண்டெனாவோட செங்குத்து பீம் அகலம் சுமார் 16 டிகிரி, அதாவது மேல எட்டு கீழ எட்டு. சேலம் நாலரை டிகிரி கீழ, அங்க ஒரு டிபிதான் குறையும். மலையடிவாரம் 15 டிகிரி கீழ இருக்குன்னு வெச்சா 15 டிபி குறையும், கேக்க பயமா இருக்கும், ஆனா அடிவாரம் நாலு கிலோமீட்டர் தூரம்தானே, 40 கிலோமீட்டர்ல இருக்கறவனுக்கும் இவனுக்கும் தூரத்துலயே 20 டிபி வித்தியாசம், தானா சரியாயிடும். 2 மீட்டர்ல இது பெரிய கவலை இல்ல. நிஜமா கடிக்கறது 70 சென்டிமீட்டர் பேண்டுல, அங்க 10 டிபிடி ஆண்டெனா கைக்கு அடக்கமா கிடைக்கும், ஆசையா வாங்கி மாட்டுவாங்க, பீம் அகலம் ஆறு டிகிரிதான், சேலத்து திசைல ஏழு டிபி போயிடும், பத்துக்குக் காசு கொடுத்து மூணு வாங்கின கதை. நாளைக்கு அந்த பேண்டுக்குப் போனீங்கன்னா ஞாபகம் வெச்சுக்கோங்க. இதுக்கு ஆண்டெனாவ சாய்ச்சு மாட்டறேன்னு மட்டும் கெளம்பாதீங்க, சுத்தி அடிக்கற ஆண்டெனாவ தெக்க சாய்ச்சா வடக்க வானத்த பாக்கும்.

இப்ப ரெண்டாவது காரணம், என்னோட முழு பதிலும் இதுலதான் இருக்கு. உங்க வீட்டு ரேடியோ ஒண்ணு பேசும் இல்லாட்டி கேக்கும். ரிப்பீட்டர் ஒரே கம்பில ஒரே நேரத்துல ரெண்டும் பண்ணுது, அதுவும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. 40 வாட் அனுப்பும்போது அந்தக் கம்பில சுமார் 45 வோல்ட் ஓடுது, அதே கம்பிலேர்ந்து 0.2 மைக்ரோவோல்ட் சிக்னல பொறுக்கி எடுக்கணும். கிட்டத்தட்ட 22 கோடி மடங்கு வித்தியாசம். டூப்ளெக்சர் இதைப் பிரிச்சுக் கொடுக்கும், ஆனா டூப்ளெக்சர தாண்டி ஆண்டெனாலயே ஒரு லூசான நட்டு, பாசி பிடிச்ச சோல்டர், துருப்பிடிச்ச கிளாம்ப் இருந்துச்சுன்னா அங்க சத்தம் பிறக்கும், அந்த சத்தம் ரிசீவ் ஃப்ரீக்வென்சிலயே பிறக்கறதால எந்த ஃபில்டரும் அதைத் தடுக்காது. அதனாலதான் வீட்டு மாடில பத்து வருஷம் ஒரு குறையும் சொல்லாம வேலை செஞ்ச ஆண்டெனா ரிப்பீட்டர்ல ஒரு வாரத்துல மானத்த வாங்கும்.

எனக்கு நடந்தது சொல்றேன். ஒரு ரிப்பீட்டர், ஊர் பேரு வேண்டாம், மூணு துண்டா வர்ற நீளமான ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா, நாந்தான் மாட்டினேன். வைகாசி வரைக்கும் அருமை. ஆடிக்காத்து ஆரம்பிச்சுது பாருங்க, தூரத்துல இருந்து வர்றவங்க குரல் மேல எல்லாம் எண்ணெய்ல கடுகு போட்ட மாதிரி படபடன்னு சத்தம், பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பக்கத்துலேர்ந்து எவ்ளோ பவர் திரும்பி வருதுங்கற அளவு, 1 தான் சிறந்தது) 1.2, பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல. ரிசீவர கழட்டினோம், டூப்ளெக்சர மறுபடி ட்யூன் பண்ணினோம், ரெண்டு மாசம் வீணா போச்சு. கடைசில ஆண்டெனாவுக்கு பதிலா டம்மி லோட (பவர வெளிய விடாம சூடாக்கி முழுங்கற ரெசிஸ்டர்) மாட்டிப் பாத்தா சத்தம் சுத்தமா இல்ல. மேல ஏறி எறக்கி பிரிச்சா, துண்டும் துண்டும் சேர்ற எடத்துல உள்ள இருக்கற பித்தளை ஜாயிண்ட் கறுத்துப் போய் காத்துல ஆடும்போதெல்லாம் உரசுது. அவ்ளோதான் விஷயம்.

இதை வெச்சு எல்லா ஃபைபர்கிளாஸும் மோசம்னு சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கா அதே வகை ஓடற எடமும் எனக்குத் தெரியும், கமர்ஷியல் தரத்துல ஒரே துண்டா உள்ள எல்லாம் சோல்டர் பண்ணி வர்றது நல்லாவே இருக்கும். துண்டு துண்டா திருகி சேக்கற ஹாம் மார்க்கெட் ஆண்டெனாவ ரிப்பீட்டர்ல போடறது சூதாட்டம், ஜெயிக்கவும் செய்யலாம், அவ்ளோதான் உறுதியா சொல்ல முடியும். அப்புறம் அந்த ஆண்டெனா விளம்பரத்துல போடற கெய்ன் பெரும்பாலும் டிபிஐ (எல்லாப் பக்கமும் சமமா அடிக்கற கற்பனை ஆண்டெனாவோட ஒப்பிட்டது) கணக்கு, டைபோலோட ஒப்பிடணும்னா 2.15 கழிங்க. அதுக்கும் மேல சந்தேகம் இருந்தா டேப் வெச்சு நீளத்த அளங்க, 2 மீட்டர் பேண்டுல 3 டிபிடிக்கு மூணு மீட்டருக்கு மேல வேணும், 6 டிபிடிக்கு ஆறரை மீட்டர் பக்கம் வேணும். ஒண்ணரை மீட்டர் குச்சில ஆறு டிபின்னு எவனாவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

அதனால என்னோட ஓட்டு ஃபோல்டட் டைபோல் (வளையமா மடிச்ச டைபோல்) அடுக்குக்கு. எல்லாம் வெளில கண்ணுக்குத் தெரியுது, எந்த நட்டு துருப்பிடிச்சுதுன்னு பைனாகுலர்லயே பாக்கலாம், ஒரு பே (அடுக்குல ஒரு டைபோல்) போனா அதை மட்டும் மாத்தலாம், முக்கியமா டைபோல் முழுக்க மாஸ்டோட நேரடியா ஒட்டி எர்த் ஆகி இருக்கும். நாலு பே அடுக்கு, DB-224ங்கற பழைய மாடல்தான் இதுக்கு மூதாதை மாதிரி, 20 அடிக்கு மேல நீளம். நாலு டைபோலையும் மாஸ்ட சுத்தி 90 டிகிரிக்கு ஒண்ணா திருப்பி வெச்சா சுத்தி 6 டிபிடி, நாலையும் ஒரே பக்கம் வெச்சா அந்தப் பக்கம் 9, முதுகுப் பக்கம் குறையும். உங்க எஸ்டேட் மலையோட தெக்கு ஓரத்துல இருந்து, தர்மபுரி ஆளுங்கள பத்தி பெருசா கவலை இல்லன்னா ஒரே பக்கம் வெக்கறது நல்ல யோசனை. லோக்கல்ல அலுமினியம் வளைச்சு செய்யறவங்க கிட்ட செஞ்சுக்கலாம், டைபோல்ல தப்பு நடக்கறது அபூர்வம், தப்பு நடக்கறது நாலையும் சேக்கற கேபிள் ஹார்னஸ்ல. டி கனெக்டர் போட்டு சேக்காம சோல்டர் பண்ணி ரெசின் ஊத்தி மூடின ஹார்னஸ் கேளுங்க. அலுமினியமும் செம்பும் நேரா தொட்டுக்கக் கூடாது, போல்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ். செகண்ட் ஹேண்ட் கமர்ஷியல் ஆண்டெனா சல்லிசா கிடைச்சா எந்த ஃப்ரீக்வென்சிக்கு வெட்டினதுன்னு பாருங்க, நம்ம பேண்டு 144லேர்ந்து 146, அதுங்க 155, 160க்கு வெட்டினதா இருக்கும், டூப்ளெக்சருக்கு அந்த மேட்ச் பிடிக்காது.

ஆனா உங்க மாஸ்ட் 12 மீட்டர்னு சொல்றீங்க, எந்த பைப்புன்னு சொல்லல. ரெண்டு இஞ்ச் ஜிஐ பைப்பா இருந்து ஸ்டே கம்பி சரியில்லன்னா அது மேல ஆறரை மீட்டர் அடுக்க ஏத்தாதீங்க, ரெண்டு பே போதும், 3 டிபிடி. மேல போட்ட கணக்கு 3 டிபிடிக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும். டவர் பக்கவாட்டுல கை நீட்டி மாட்டறதா இருந்தா டவரே பேட்டர்ன ஒரு பக்கம் சாப்பிட்டுடும், எந்தப் பக்கம் எவ்ளோங்கறது தூரத்தைப் பொறுத்து மாறும், அதை மாட்டிட்டு கார்ல சுத்தி வந்து பாத்தாத்தான் தெரியும்.

ரெண்டு ஆண்டெனா வெச்சு டூப்ளெக்சர் காச மிச்சம் பிடிக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. 75 டிபி தனிமை (ஒண்ணு அனுப்பறது இன்னொண்ணுக்குள்ள 75 டிபி குறைஞ்சு போறது) வேணும்னா ஒண்ணுக்கு மேல ஒண்ணு சுமார் 30 மீட்டர் இடைவெளி வேணும், பக்கத்துல பக்கத்துல வெச்சா முக்கால் கிலோமீட்டருக்கு மேல தள்ளணும். 12 மீட்டர் மாஸ்ட்ல நடக்காது, டூப்ளெக்சர் வாங்குங்க.

ஆண்டெனால மிச்சம் பிடிச்ச காச கேபிள்ல போடுங்க. 30 மீட்டர் ஆர்ஜி-213 போட்டா 145 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டரை டிபி அங்கயே போயிடும், அரை இஞ்ச் ஹார்ட்லைன்ல (வெளிய கெட்டியான உலோகக் குழாய் இருக்கற கேபிள்) ஒரு டிபி கூட போகாது. எல்எம்ஆர்-400 நஷ்டம் குறைவுதான், ஆனா உள்ள அலுமினிய ஃபாயிலும் மேல டின் பூசின பின்னலும் உரசி டூப்ளெக்ஸ்ல சத்தம் போடும்னு ரிப்பீட்டர் ஆளுங்க ஒதுக்குவாங்க, நானும் ஒதுக்குவேன். கட்டடத்துக்கு உள்ள டூப்ளெக்சருக்கும் ரேடியோவுக்கும் நடுவுல ரெட்டைப் பின்னல் கேபிள், கனெக்டர் N டைப். அப்புறம் தண்ணி. எஸ்டபிள்யூஆர் மீட்டர நம்பி ஏமாந்த இன்னொரு கதை இதுல இருக்கு: ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் ரிப்பீட்டர் கவரேஜ் பாதியாச்சு, கீழ மீட்டர்ல 1.1. அதுக்கு முன்னாடி 1.4 இருந்துச்சு, சரியாயிடுச்சுன்னு வேற சந்தோஷப்பட்டோம்! கனெக்டர கழட்டினா ஒரு டம்ளர் தண்ணி கொட்டுச்சு. கேபிளே பவர எல்லாம் முழுங்கிட்டா திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் இருக்காது, மீட்டர் அழகா காட்டும். சுயமா ஒட்டற ரப்பர் டேப்ப கீழேர்ந்து மேல சுத்துங்க, கூரை ஓடு மாதிரி, அது மேல சாதா டேப். கேபிள் கட்டடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க. குரங்கு ஏறுற உயரம் வரைக்கும் கேபிள பைப்புக்குள்ள விடுங்க, ஏற்காட்டுல இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இடி விஷயத்துல நான் தெரிஞ்ச அளவுதான் சொல்வேன். சித்திரை வைகாசில சாயங்காலம் வர்ற கோடை இடிதான் அங்க ஆபத்து. ஃபோல்டட் டைபோல் எர்த்ல இருக்கறது உதவும், நேரா விழற இடிய தடுக்காது. மாஸ்ட் எர்த், கேபிள் அரெஸ்டர் (கேபிள்ல வர்ற இடிக் கரண்ட எர்த்துக்குத் திருப்பற சாமான்), கரண்ட் எர்த் மூணையும் தனித்தனியா விடாம ஒண்ணா இணைக்கணும், அது உறுதி. பாறை நிலத்துல ஒரு குழி எர்த் போதுமாங்கறத கண்ணால சொல்ல முடியாது, எர்த் டெஸ்டர் வெச்சிருக்கற எலக்ட்ரீஷியன கூட்டிட்டுப் போய் வெயில் காலத்துல அளக்கச் சொல்லுங்க, மழைல அளந்தா எல்லா குழியும் நல்ல குழிதான்.

மாட்டி முடிச்சதும் ஒரே ஒரு டெஸ்ட் கட்டாயம் பண்ணுங்க. யாரையாவது தூரத்துல நிறுத்தி, இப்பவோ அப்பவோன்னு இரைச்சலோட வர்ற அளவு சிக்னல் கொடுக்கச் சொல்லுங்க, நீங்க ரிசீவர் ஸ்பீக்கர கேட்டுக்கிட்டே டிரான்ஸ்மிட்டர ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்க. ஆன் பண்ணினதும் இரைச்சல் கூடிச்சுன்னா காது அடைக்குதுன்னு அர்த்தம். அடுத்து ஆண்டெனாவ கழட்டி டம்மி லோட் போட்டு, சிக்னல் ஜெனரேட்டர்லேர்ந்து அதே அளவு சிக்னல டி வழியா லேசா கசிய விட்டு மறுபடி பாருங்க. டம்மி லோட்லயும் இரைச்சல் கூடுனா டூப்ளெக்சர், இல்ல ரேக் உள்ள இருக்கற கேபிள். ஆண்டெனால மட்டும் கூடுனா மேல ஏறணும், பக்கத்துல செல்போன் டவர் கிவர் இருந்தா அதோட துருவையும் சேத்து சந்தேகப்படணும். இதை காத்தடிக்கற நாள்ல ஒரு தடவை, மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை பண்ணுங்க.

அதுவரைக்கும் உங்க கிளப் ஆளுங்க கிட்ட சொல்லி ஹேண்டில அரை மீட்டர் நீள குவார்ட்டர் வேவ் விப் (கால் அலைநீளக் கம்பி) வாங்கி மாட்டச் சொல்லுங்க, ரப்பர் குச்சிய தூக்கிப் போட்டா கிடைக்கற லாபம் நீங்க 3லேர்ந்து 6க்குப் போறதை விட ஜாஸ்தி, காசும் கம்மி. இந்த வாரமே மேகம் இல்லாத ஒரு ராத்திரி மாஸ்ட் அடிக்குப் போய் நின்னுட்டு, எந்தத் திசைல விளக்கு தெரியுது எந்தத் திசைல மேடு மறைக்குதுன்னு எழுதுங்க, பைப் என்ன சைஸ்னும் சேத்து எழுதுங்க. பே எத்தனை, எந்தப் பக்கம் திருப்பறதுன்னு அதைப் பாத்துட்டு சொல்றேன். 73 (ஹாம் ஆளுங்க பாஷைல வாழ்த்துகள்).